புலி என்பது புலி அல்ல

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் இருந்ததால் ஆண்டு விழாவும் இருந்தது. ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வேண்டுமே என்றால், அந்தக் காட்டில் அழைக்கத் தக்கவர் ஒருவர்தான். அவர் புலி. கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். அவரை அழைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து புதிய உத்தரவு வந்தது. எட்டாம் வகுப்புக் குட்டிகள் ஒவ்வொருவரும் சொந்தமாகக் கவிதை எழுத வேண்டும். அதற்குப் பொருள் கூற வேண்டும். படமும் வரைய வேண்டும். சிறந்த கவிதையை விழாவில் மாட்டி வைக்க வேண்டும்.

தமிழாசிரியர் புலவர் முள்ளரசு ஒரு முள்ளம்பன்றி. நல்லவர். கவிதை என்றால் அவருக்கு உயிர். உயிரும் அவருக்கு உயிர்தான்.

"கவிதையில எதுவும் அதுவா இருக்காது" என்று அவர் பாடத்தைத் தொடங்கினார். "நிலான்னு எழுதியிருந்தா அது நிலா இல்லை. கிணறுன்னா கிணறு இல்லை. உள்ளே ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். அதுதான் உட்பொருள். அதைச் சொன்னாத்தான் மார்க்."

"நிலா நிலா இல்லாட்டி என்ன சார்?" என்று கேட்டான் வாலப்பன் என்ற குரங்குக் குட்டி.

"நம்பிக்கை."

"கிணறு?"

"அதுவும் நம்பிக்கைதான். ஆழமான நம்பிக்கை."

குட்டிகள் எழுதத் தொடங்கின. முயல்கள் அம்மாவைப் பற்றி எழுதின. ஆடுகள் மழையைப் பற்றி எழுதி, மழை என்பது உழைப்பு என்று பக்கத்திலேயே குறித்துவிட்டன. புள்ளி என்ற மான்குட்டி மட்டும் வெகுநேரம் குனிந்தே இருந்தாள். கடைசியில் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள்.

ஓடைக்கரையில் புலி இருந்தது.
அக்கா தண்ணீர் குடிக்கப் போனாள்.
ஓடை இருக்கிறது.
அக்கா இல்லை.

படித்ததும் முள்ளரசுவின் முதுகு முட்கள் தாமாக நிமிர்ந்தன. நல்ல கவிதை படித்தால் அவருக்கு அப்படி ஆகும். பயந்தாலும் அப்படித்தான் ஆகும். இப்போது நிமிர்ந்தது எதற்காக என்று அவருக்கே விளங்கவில்லை.

"புள்ளி, இந்தப் புலி எதைக் குறிக்குது?"

"புலியை சார்."

"அக்கா?"

"எங்க அக்கா சார். போன வருஷம் உங்ககிட்டதான் படிச்சா."

அவருக்கு நினைவிருந்தது. ஜன்னலோரம் உட்காரும் பெண். செய்யுளை ராகம் போட்டு ஒப்பிப்பாள். ஓடைக்குப் போனவள் திரும்பவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் வேறு மந்தையோடு போயிருப்பாள் என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். முள்ளரசு சிவப்புப் பேனாவை எடுத்தார். பிறகு ஓரத்தில் 'நேர்ப்பொருள்' என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டார்.

அந்தத் தாள் தலைமையாசிரியர் கொம்பையாவின் கையில் சிக்கியது. அவர் ஓர் ஆட்டுக்கிடா.

"எதுகை இல்லை, மோனை இல்லை. அப்போ இது புதுக்கவிதை" என்றார் கொம்பையா. "தலைவருக்குப் புதுசுன்னா பிடிக்கும். இதையே மாட்டுவோம்."

"சார், இதுல புலி வருது."

"வரட்டுமே. சிறப்பு விருந்தினர் பேரு வர்ற கவிதை சும்மா கிடைக்குமா?"

முள்ளரசு அன்றே வேலையைத் தொடங்கினார். ஒரு பெரிய அட்டையில் கவிதையை எழுதினார். அதன் கீழே, கவிதையைவிடப் பெரிய எழுத்தில் பொருளையும் எழுதினார். புலி என்பது கல்வி. அக்கா என்பது அறியாமை. ஓடை என்பது பள்ளி. கல்வியை நெருங்கியதும் அறியாமை காணாமல் போயிற்று.

படம் வரைய வாலப்பன் வந்தான். கண்ணால் பார்த்ததுபோல ஒரு புலி வரைந்தான்.

"வாயோரம் என்னடா சிவப்பு?"

"ரத்தம் சார்."

"தாமரையா மாத்து."

மாற்றினான். புலி தாமரையைக் கவ்விக்கொண்டு நின்றது. பார்க்கப் பக்தியாக இருந்தது.

புள்ளி வந்து அட்டையைப் படித்தாள். "சார், எங்க அக்கா அறியாமை இல்லை சார். எனக்குக் கணக்கு அவதான் சொல்லிக்கொடுத்தா" என்றாள்.

முள்ளரசு நிமிர்ந்து பார்க்கவில்லை. "விழா முடியட்டும்மா" என்றார்.

விழா நாள் வந்தது. புலி வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். கொம்பையா அவரை அட்டையின் முன் அழைத்துச் சென்றார். புலி கவிதையைப் படித்தார். கீழே இருந்த பொருளைப் படிக்கவில்லை.

"இது நான்தானே?" என்றார்.

பந்தலில் சத்தம் அடங்கிற்று.

"பாறைக்குக் கீழே இருக்கிற ஓடைதானே? ஞாபகம் இருக்கு. முன்னங்கால்ல வெள்ளைத் தழும்பு இருந்த பொண்ணு."

பெற்றோர் வரிசையில் புள்ளியின் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தழும்பு, மூத்த மகள் குட்டியாக இருந்தபோது முள்வேலியில் கிழித்துக்கொண்டது. பச்சிலையை மென்று கட்டியவள் அம்மாதான். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முள்ளரசு முன்னால் வந்தார். "ஐயா, அது வெளிப்பொருள். உட்பொருள் என்னன்னா..."

"நான் தின்னேன்யா" என்றார் புலி.

கொம்பையா ஒலிபெருக்கியை வாங்கினார். "பெற்றோர்களே, கேட்டீர்களா? இந்தக் காட்டின் அறியாமையை எல்லாம் தானே தின்றதாகத் தலைவர் ஒப்புக்கொள்கிறார். இந்த எளிமை யாருக்கு வரும்?"

கைதட்டல் எழுந்தது. புலி கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். காலம் முழுக்கத் தன்னைக் கண்டு ஓடியவர்கள், இப்போது எதைச் சொன்னாலும் உட்கார்ந்தே இருப்பார்கள் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது.

"எழுதின பொண்ணு யாரு?"

புள்ளி எழுந்தாள்.

"நல்லா எழுதியிருக்கே. ஒரு சொல்கூட அதிகம் இல்லை" என்று புலி கோப்பையை நீட்டினார். அந்தக் காட்டிலேயே அவள் கவிதையைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். அதில் புள்ளிக்கு ஆறுதல் எதுவும் இல்லை.

பிறகு சிறப்புரை. புலி சுருக்கமாகவே பேசினார்.

"எனக்குப் பசிக்குது."

புள்ளியின் அம்மா எழுந்தாள். "வா" என்று ஒரு சொல்தான் சொன்னாள். கோப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் புள்ளி அவள் பின்னால் போனாள். பந்தலைத் தாண்டும்வரை நடந்தார்கள். அப்புறம் ஓடினார்கள்.

சிறப்புரையின் நடுவே எழுந்து போகிறார்களே என்று சிலர் முகம் சுளித்தார்கள். முன்வரிசை ஆடுகள் குறிப்பெடுத்தன: பசி என்பது தேடல்.

"தலைவருக்கு அறிவுப்பசி" என்று அறிவித்தார் கொம்பையா. "நம்ம நூலகத்தை நானே சுற்றிக் காட்டுகிறேன்."

இருவரும் நூலகக் குடிலுக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஓர் அலமாரி சரிந்தது. சற்று நேரம் கழித்துப் புலி மட்டும் வெளியே வந்தார், பொன்னாடையால் வாயைத் துடைத்தபடி.

"தலைமையாசிரியர் எங்கே ஐயா?" என்று கேட்டார் முள்ளரசு.

"உள்ளேதான் இருக்கார்."

முள்ளரசு நூலகக் கதவைப் பார்த்தார். புலியின் வயிற்றைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த குட்டிகளைப் பார்த்தார். 'ஓடுங்கள்' என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அது மிகவும் நேரான சொல்.

"எல்லாரும் கைதட்டுங்க" என்றார்.

புலி அன்று அதற்குமேல் யாரையும் தொடவில்லை. அவருக்குப் போதுமானது கிடைத்திருந்தது. இனிமேல் ஆண்டு விழாவை மாதாமாதம் வைத்தால் என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல யோசனை என்று தீர்மானம் போட்டார்கள்.

புள்ளியும் அம்மாவும் பொழுது சாய்வதற்குள் மலையைக் கடந்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் இல்லை. அங்கே போன பிறகுதான் அம்மா பெரியவளின் பேரைச் சொல்லி அழுதாள். அழுது முடிக்கும்வரை புள்ளி அவள் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

இங்கே முள்ளரசு தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றார். அவரை எளிதில் கடிக்க முடியாது என்பதையும் குழு கணக்கில் எடுத்துக்கொண்டது. கொம்பையாவுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு குட்டியும் ஒரு படம் வரைந்து வந்தது. வாலப்பன் வரைந்திருந்த புலிக்கு வயிறு பெருத்திருந்தது. வயிற்றுத் தோலை உள்ளிருந்து இரண்டு கொம்புகள் முட்டிக்கொண்டிருந்தன.

முள்ளரசு அதை வெகுநேரம் பார்த்தார். முட்கள் நிமிர்ந்தன. கையால் நீவிப் படியவைத்தார்.

"மலை நல்லா வந்திருக்கு" என்றார். "ரெட்டைச் சிகரம். பத்துக்குப் பத்து."

நீதி: கவிதையின் உட்பொருளையே தேடிக்கொண்டிருப்பவர் ஒருநாள் புலியின் உட்பொருள் ஆவார், ஆனால் மதிப்பெண்ணில் குறை இருக்காது.