நடராசன் காரின் கரண்டுக் கசிவு

சாவியைத் திருப்பினால் கார் 'டிக்' என்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பகலில் சார்ஜ் ஏற்றினால் ராத்திரி வரை நன்றாக இருக்கிற பேட்டரி, விடிந்தால் செத்துக் கிடக்கிறது. கொஞ்ச நாளாகத் தினமும் இதே கூத்துதான்.

துறைமங்கலம் நடராசன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படாரென்று மூடினார். ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்குப் போய், மகள் இலக்கியாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் வீடு பார்க்க வேண்டும். "சொந்தக் கார்ல, நானே ஓட்டிக்கிட்டு வந்து எறங்குறேன் பாருங்க" என்று சம்பந்தியிடம் வாயை வேறு விட்டிருந்தார்.

"பஸ்ஸுலயே போயிடலாமுங்க" என்றாள் மனைவி கலியம்மாள்.

"வாயக் கழுவு."

கார் பழசு, நடராசன் ஓட்டக் கற்றது புதுசு. ஓட்ட ஆரம்பித்த ஜோரில் எதிர்வீட்டு ஜோதியின் தண்ணீர்க் குழாய், முக்குக் கடை பெஞ்சு, யார் வீட்டு வாசல் திண்ணையோ ஒன்று என்று எல்லாம் அவருக்குக் குறுக்கே வந்து விழுந்தன. அவர் அதையெல்லாம் பெரிதுபண்ணவில்லை.

மின்வாரியத்தில் சம்பளப் பட்டியல் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஆகவே தனக்குக் கரண்டு தெரியும் என்பது அவர் கட்சி. எங்கோ கசிகிறது என்று முடிவுகட்டி ரேடியோவைக் கழற்றினார். மறுநாளும் 'டிக்'. கடிகாரத்து ஒயரை வெட்டினார். ஹாரன் ஊமையானது. ஹாரனைச் சரிசெய்தார். அதன் பிறகு பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது.

மெக்கானிக் கலைமணி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தான்.

"கசிவே இல்லீங்க சார்."

"அப்ப பேட்டரிய யாருய்யா குடிக்கிறா?"

"அதாங்க எனக்கும் வெளங்கல."

புதுப் பேட்டரி மாட்டினார்கள். விடிந்தால் அதுவும் பிணம். கலியம்மாள் காருக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தாள்.

"நேரம் சரியில்லீங்க. பேசாம பஸ்ஸுல போவோம்."

சனிக்கிழமை சாயங்காலம் சீட்டுக்கு அடியில் தனியாக ஓடிய ஒரு கறுப்பு ஒயர் நடராசன் கண்ணில் பட்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் சாவியைத் திருப்பியதும் கார் சீறிக்கொண்டு உயிர் பெற்றது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாத்தியா? ஒத்த ஒயரு. என்ன பாடுபடுத்தியிருக்கு."

கலியம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. பின்சீட்டில் மைத்துனர் ராஜா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். நல்ல காரியத்துக்குப் போகும்போது பக்தி இருக்க வேண்டியதுதான் என்று நடராசன் நினைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு ஜோதி அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தபடி ஓடிவந்து, கலியம்மாள் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து நடராசன் கிளட்சை வெடுக்கென்று விட, என்ஜின் நின்றுபோனது. ஜோதி கிசுகிசுத்தது அவர் காதிலும் தெளிவாக விழுந்தது.

"மன்னிச்சுக்கக்கா. ராத்திரி கார்ல லைட்டப் போட்டுவுட்டு விடியறதுக்குள்ள அணைக்கிறது நேத்து எங்க வூட்டு முறைதான், அசந்து தூங்கிட்டேன்."