பெயர் தெரியாத புழு

ஐயம் தோன்றினால் உரியவரிடம் கேட்டறிவதே நற்குடிமக்களுக்கு அழகு. மலேசியாவின் பீடோங் ஊரை ஒட்டிய தாமான் எனும் வீடமைப்புப் பகுதி ஒன்றில் வாழும் நவமணி அத்தகைய நற்குடிமகள்.

அவள் வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது. அந்த வீட்டு வரிசையில் பிழைத்த ஒரே கறிவேப்பிலைச் செடி அதுதான் என்பதால், அக்கம்பக்கத்தார் கேளாமலே கிள்ளிக்கொண்டு போவார்கள். ஒருநாள் அதில் பச்சைப் புழு ஒன்றைக் கண்டாள். தலைப்பக்கம் பாம்புக் கண்போல இரண்டு பொட்டுகள். தொட்டதும் சிவப்பாகக் கொம்பு நீட்டியது. அது இன்னதென்று அறிய விரும்பி, படமெடுத்துக் குடியிருப்பாளர் சங்கத்தின் வாட்சாப் குழுவில் போட்டாள்.

சங்கத் தலைவர் சிரில் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"அக்கா, கையை எடுங்க! அடையாளம் உறுதிப்படுத்தப்படாத உயிரினத்தை அப்புறப்படுத்தக் கூடாது."

"தம்பி, செடியைத் திங்குது லா!"

"தின்னட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

முறைப்படி 'அரிய புழுக்கள் அடையாளப் பிரிவு' அதிகாரி திவாகரன் வந்து, புழுவின் பெயர் கேட்டு மேலிடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, செடியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். தடயம் கலையுமென்று தண்ணீர் ஊற்றுவதற்கும் தடை விதித்தார்.

"மேலிடத்துப் பதில் வர்றதுக்குள்ள செடி மொட்டையாயிடுமே, சார்?"

"நல்லதுதானேம்மா? இலை குறைஞ்சா புழு தெளிவாத் தெரியும்."

புழுவின் புகழ் பரவியது. பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அதே பச்சையில் சேலை வாங்கி, அதனருகே நின்று படமெடுத்துக்கொண்டாள். சங்கத்தார் புழுப் படம் போட்ட டீ-சட்டை அணிந்து 'இயற்கையை நேசிப்போம்' விழா நடத்தினர். செடியோ நாளுக்கு நாள் குச்சியாகிக் கொண்டிருந்தது. நவமணி மட்டும் கைதட்டவில்லை.

பிறகு புழு கூடு கட்டியது. திவாகரன் வருந்தினார்: "விண்ணப்பம் புழுவுக்கு. கூட்டுக்குத் தனி விண்ணப்பம் வேணும்." அதற்குள் கூடு வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்தே போய்விட்டது. விசாரணை வெற்றிகரமாக நிறைவுற்றதாக அறிவித்து, அவர் நாடாவைக்கூட அவிழ்க்காமல் விடைபெற்றார்.

அன்று மாலை லோகேஸ்வரி கிண்ணத்தோடு வேலிப்பக்கம் வந்தாள்.

"அக்கா, சங்கத்து வெற்றி விருந்துக்கு மீன் கறி வைக்கிறோம். கொஞ்சம் கறிவேப்பிலை குடுங்களேன்."

நவமணி செடியிடம் போனாள். காய்ந்த குச்சியை நாடாவோடு வேருடன் பிடுங்கி அவளிடம் நீட்டினாள்.

"இந்தா. என்னன்னு தெரியுதா?"

லோகேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பொறுப்போடு கைப்பேசியை எடுத்தாள்.

"தெரியலையே, அக்கா. படமெடுத்துக் குழுவில போடவா?"