வாரண்ட் கேட்ட தையல்காரி

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். தாங்களும் தங்கள் இரத்த அழுத்தமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நிற்க. உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது.

கல்யாணத்தன்று "என் தங்கச்சி பரம சாது, அதிர்ந்து பேசத் தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அந்தச் சாது போலீஸை நீதிமன்றத்துக்கு இழுத்து ஜெயித்துவிட்டாள், மச்சான்! போனில் பாதிதான் சொன்னேன், முழுக்கதை இதுதான்: தெருமுனைக் கடிகாரக் கடையில் திருட்டுப் போனது. திருடன் கிடைக்கவில்லை, அதனால் தெருவையே பிடித்துக்கொண்டார்கள். முதலில் எதிர்க் கம்பத்தில் ஒரு கேமராவை மாட்டினார்கள். அது தெருவைப் பார்த்தால் யாருக்கென்ன? நேரே எங்கள் மாடியறையைப் பார்த்தது. அங்கேதான் உங்கள் தங்கை தைப்பதும், வாடிக்கைப் பெண்கள் உடுப்பைப் போட்டுப் பார்ப்பதும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கேமரா. பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். போய் முறையிட்டதற்கு இன்ஸ்பெக்டர், "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றாராம். "பாதுகாப்பு தெருவுல இருக்கட்டும், சார். என் ரூமுக்குள்ள எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். இது இதோடு முடியாது என்று அப்போதே நினைத்தேன்.

நினைத்தது வீண்போகவில்லை. மறுவாரமே இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வாசலில் வந்து நின்றார். வீட்டைச் சோதனை போட வேண்டுமாம். "வாரண்ட் இருக்கா?" என்றாள் உங்கள் தங்கை. "எல்லா வீட்டுலயும் பார்க்கிறோம், ஒருத்தரும் கேட்கலையே?" என்றார் அவர். "அதான் நான் கேட்கிறேன்." இந்த இடத்தில் குடும்பத் தலைவன் என்ற முறையில் நான் தலையிட்டேன். அதாவது, "வாங்க சார், வாங்க, பார்த்து வாங்க, படி வழுக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலுக்கடியில் இருட்டாக இருந்ததால் டார்ச்சும் நானே பிடித்தேன். அவர்கள் அலமாரியைக் கவிழ்த்தார்கள், நூல்கண்டையெல்லாம் உருட்டிவிட்டார்கள், உடுப்பு மாட்டி வைக்கும் பொம்மையைத் தட்டிப் பார்த்து, உள்ளே காலியாகச் சத்தம் கேட்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்று ஜீப்பில் ஏற்றினார்கள். தலை இல்லாத பொம்மை, மச்சான். அடையாள அணிவகுப்பில்கூட நிறுத்த முடியாது!

இதுவரை நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஆனால் ஒரு காவலர், பாதி தைத்திருந்த ஒரு பெண்ணின் உள்ளாடையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்ட, இன்னொருவர் சிரித்தார். உங்கள் தங்கை அதை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு, "அவ என்னை நம்பிக் குடுத்துட்டுப் போனா. இனி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அளவெடுப்பேன்?" என்றாள். நான் டார்ச்சை அணைக்கக்கூட மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

"நமக்கெதுக்கு வம்பு" என்று நீங்கள் போனில் சொன்னீர்கள், நான் ஆமாம் போட்டேன், தெருவே ஆமாம் போட்டது. அவளோ தன்னிடம் கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்த வக்கீலம்மாவிடம் போய் வழக்குப் போட்டாள். அலைந்தாள் மச்சான், செருப்பு தேய அலைந்தாள். விசாரணை நாளன்று அரசு வக்கீல் எழுந்து, "மறைக்க ஒண்ணும் இல்லைன்னா எதுக்கும்மா பயப்படணும்?" என்று மடக்கினார். உங்கள் தங்கை கூண்டில் நின்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயா, மறைக்கிறதுக்குத்தான் துணியே தைக்கிறேன். மறைக்க ஒண்ணும் இல்லைன்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட வந்ததில்லை. நீங்களும் கோட்டை மூடித்தானே போட்டிருக்கீங்க?" என்றாளே பார்க்கணும்! நீதிபதியம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் எழுந்து கைதட்டிவிட்டேன், சேவகர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அழுத்தினால் என்ன, பெருமை அடங்குமா?

பிறகு நீதிபதியம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "இந்த வீட்டு மேல என்ன சந்தேகம்?" என்று கேட்டார். "தெருவுல எல்லார் மேலயும் சந்தேகம்தாம்மா" என்றார் அவர். "எல்லார் மேலயும்னா, குறிப்பா யார் மேலயும் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார். தக்க முகாந்திரமும் நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் இனி இந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது, கேமரா எந்த வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவுக்கே சேர்த்து வாங்கிவிட்டாள் மச்சான்! பொம்மையை இன்ஸ்பெக்டரே கொண்டுவந்தார். முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு. இப்போது மாடி ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது, பெண்கள் சிரிக்கிற சத்தம் கீழே எனக்குக் கேட்கிறது. கடைத்தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வாரண்ட்டம்மா வீட்டுக்காரர்" என்கிறார்கள். இந்தப் பட்டம் எனக்குப் போதும்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், குறிப்பாகக் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
வாரண்ட்டம்மா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உங்கள் தங்கை பைக்குள் கைவிட்டு எடுத்து, உறையைக் கிழித்து, முழுவதும் படித்துவிட்டாள். ஆயுசு முழுக்கத் தபாலாபீஸில் இருந்தவன் நான், அடுத்தவர் உறையைத் தொட்டதில்லை. "வாரண்ட் எங்கே?" என்று துணிந்து கேட்டேன். "தீர்ப்பு போலீஸுக்குத்தான். உங்களுக்கில்ல" என்றாள். "முகாந்திரம்?" என்றேன். "மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது" என்றாள். ஆகவே உறை ஊசி நூலால் தைத்து வருகிறதே என்று தாங்கள் பதற வேண்டாம். இரட்டைத் தையல், பிரிக்கக் கத்தரிக்கோல் தேவைப்படும்.