கண்ணம்மாள் பெட்டியில் ஏழு கிலோ

திண்டுக்கல்
8-6-1963

சிங்கப்பூர் துறைமுகக் கிட்டங்கியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பொன்னழகு அவர்களுக்கு, வெங்காய மண்டி எடைக்காரன் பொம்மையன் சகல ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை ராமுத்தாய், மகள் கண்ணம்மாள், நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்காத எட்டு மாதப் பேத்தி, யாவரும் சுகம். அங்கு உங்கள் சுகமும், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதும் அறிய ஆவல்.

இந்த மாதம் இருபதாம் தேதி மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுவதற்கு நீங்கள் அனுப்பிய டிக்கெட் வந்தது. கைப்பிள்ளையோடு தனியாக வருகிறவள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதிய சீட்டும் வந்தது. சீட்டில் நாலே வரி. பால் புட்டி இரண்டு, மாற்றுத் துணி, ஒரு போர்வை, அம்மை குத்திய சான்று. கீழே, பெட்டி இருபது கிலோவைத் தாண்டக் கூடாது என்று கோடு போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை கோபிக்கக் கூடாது, பிள்ளையைத் தூக்கியே பார்க்காத மனுஷன் எழுதின சீட்டு இது என்று உங்கள் அத்தை அப்போதே சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு வசம்பு, ஓமத் தண்ணீர், உரைமருந்து, அதை இழைக்கிற கல், தொட்டில் சேலை, சேலையைக் கட்டக் கயிறு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். விமானத்தில் கயிறு மாட்ட உத்தரத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். "உத்தரம் இல்லாமலா அம்புட்டுப் பெரிய வண்டியக் கட்டியிருப்பாக? போங்க அங்கிட்டு" என்றாள். பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள், மேலே போனால் காது அடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவந்தார். ஒரு தலையணைக்குக் காணும். ஆத்தூரிலிருந்து என் தங்கை, குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தாள். ஊரை விட்டுப் போகிறவர்கள் சாமி மண் ஒரு பிடி கொண்டுபோவது நம் வழக்கம்தான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் என் தங்கையின் கையை நீங்கள் பார்த்ததில்லை. அவள் பிடிக்கு ஒரு செடி நட்டுத் தண்ணீர் ஊற்றலாம்.

விமானச் சத்தத்தில் பிள்ளை மிரளும், முன்கூட்டியே பழக்கிவிட வேண்டும் என்று சொன்னதும் என் தங்கைதான். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆகையால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆத்தூர் போய், அவர்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் மூன்று நாள் உட்கார்ந்தோம். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் மோட்டாரைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் நாள் அப்படியொரு தூக்கம். நாம் ஜெயித்துவிட்டோம் என்று திண்டுக்கல் திரும்பினால், இப்போது சத்தம் இல்லாமல் கண் மூட மாட்டேன் என்கிறாள். தாலாட்டு எடுபடவில்லை. மத்தியானம் அவளைத் தூங்கவைக்க நான் தலைமாட்டில் உட்கார்ந்து மோட்டார் மாதிரி உறுமிக்கொண்டிருக்கிறேன். நேற்று சந்தா கேட்டு வந்த வாசகசாலைக்காரர் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

இனி பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் அடுக்கி மண்டிக்குக் கொண்டுபோய் நானே நிறுத்தேன். சரியாக இருபது. ராமுத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் கண்ணம்மாள் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது இருபது மாதிரி தெரியலையே" என்றாள். முப்பத்தொரு வருஷமாகத் தராசு பிடிக்கிற எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் வாயை அடைக்கவே ஸ்டேஷனுக்குப் போய், பார்சல் ஆபீஸ் குமாஸ்தா ஞானதாஸிடம் நிறுக்கச் சொன்னேன்.

"அண்ணே, இருபத்தேழு காட்டுது" என்றார்.

"ரயில்வே தராசு, நாலு பேர் ஏறி நின்னு ஆடிப்போயிருக்கும்."

"தராசு சரியாத்தான் இருக்குண்ணே. மண்டியில நீங்க எப்புடி நிறுத்தீக? வாய் விட்டுச் சொல்லுங்க, கேப்போம்."

சொன்னேன். இருபத்தேழு, சாக்குக்கு ரெண்டு போக, மண்ணுக்கு ரெண்டு போக, சருகுக்கு ஒண்ணு போக, ஈரத்துக்கு ரெண்டு போக, இருபது. சொல்லி முடித்த பிறகுதான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே காதில் விழுந்தது. ஞானதாஸ் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். "தகரப் பெட்டியில ஏதுண்ணே சருகு?" என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை, வெங்காய மூட்டைக்குக் கழிவு போடுவது மண்டி வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் கழித்தார், நானும் கழித்தேன். காட்டில் பாடுபட்டவர்கள் தராசைப் பார்க்க மாட்டார்கள், என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் சொன்னதை வாங்கிக்கொண்டு போவார்கள். காய்ந்த வெங்காயத்துக்கும் ஈரம் கழித்திருக்கிறேன். அந்த ஏழு கிலோ எங்கே போகிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை, என் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று வந்த பிறகுதான் யோசித்தேன். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவரைக்கும் வெட்கமாக இருந்தது.

வீட்டில் ஏழு கிலோவை வெளியே எடுக்கப் பஞ்சாயத்து நடந்தது. கல்லை எடுத்தால் ராமுத்தாய் சாப்பிட மாட்டேன் என்கிறாள். மண்ணை எடுத்தால் சாமி குத்தம் என்று என் தங்கை அழுகிறாள். பஞ்சில் கனமே இல்லையே என்கிறார் செபாஸ்தியம்மாள், அது வாஸ்தவம்தான், ஆனால் மூடி மூடவில்லை. கண்ணம்மாள் மட்டும் இதில் சேராமல் பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றை எடுத்து இரண்டை வைத்ததில் பெட்டி இப்போது இருபத்தெட்டில் நிற்கிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது பெட்டிக்காக அல்ல. இங்கே மில் பஸ்ஸில் பிள்ளையோடு ஒருத்தி ஏறினால், "பிள்ளையைக் குடு தாயி" என்று உட்கார்ந்திருக்கிற யாராவது கை நீட்டுவார்கள். இறங்குகிறவரைக்கும் பிள்ளை அவர்கள் மடியில் இருக்கும். அந்த விமானத்தில் யார் கை நீட்டுவார்கள்? இவள் முகம் கழுவப் போனால் பிள்ளையை யாரிடம் கொடுப்பாள்? ஒட்டன்சத்திரத்துக்கே தனியாகப் போகாதவள். ஆனி பிறந்தால் காற்று வேறு கிளம்பிவிடும், இங்கே கூரையையே தூக்குகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் மண்டியிலிருந்து வந்தால் பேத்தி தவழ்ந்து வந்து என் துண்டைப் பிடித்து இழுக்கிறாள். அந்தப் பழக்கம் வந்து பத்து நாள்தான் ஆகிறது. எனக்கு அது போதவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை பெரிய மனது பண்ணி, பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். வேடசந்தூர் மில் மேஸ்திரி பெருமாள்சாமி அப்போது குடும்பத்தோடு கப்பலில் சிங்கப்பூர் வருகிறார். கப்பலில் கல்லுக்கும் மண்ணுக்கும் இடம் உண்டு. உங்கள் சம்மதத்தைத் தந்தியில் தெரிவித்தால் நான் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மழை பெய்து, பயிர் பிழைத்து, நீங்களும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு
உங்கள் மாமனார்
பொம்மையன்

பி.கு: இது இருபதாம் தேதி, மீனம்பாக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது. மேலே கண்ட கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், மறக்கவில்லை. எழுதி முடித்த அன்றே கண்ணம்மாள் வாங்கிப் படித்தாள். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள். "அப்பா, பாப்பா பிறந்து எட்டு மாசம் ஆச்சு. அவரு இன்னும் போட்டோவைத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். அதற்கு மேல் கடிதத்தைத் தபாலில் போட எனக்கு மனசு வரவில்லை. இன்று காலை இங்கே பெட்டியை நிறுத்தார்கள். முள் ஒன்பதில் நின்றது. வழியெல்லாம் போர்ட்டர் தூக்கியதால் எனக்குக் கனம் தெரியவில்லை. கண்ணம்மாள் ராமுத்தாய்க்குத் தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, உங்கள் சீட்டில் இருந்த நாலு வரியோடு வந்திருக்கிறாள். ஏன் தாயி இப்படிச் செய்தாய் என்றேன். "எனக்கு ரெண்டு கைதானப்பா இருக்கு. ஒண்ணு பாப்பாவுக்கு" என்றாள். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேருவதற்குள் பேத்தி உங்கள் மடியை நாலு தரம் நனைத்திருப்பாள், ஆகையால் தை மாதம் என்று நான் கேட்டதை அடித்துவிடுங்கள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பால் புட்டிப் பை, விமானத்தை நோக்கி நடக்கும்போது கையசைக்க அவளுக்குக் கை இல்லை. திரும்பி நின்று தலையை ஆட்டினாள். நான் இரண்டு கையையும் அசைத்தேன். வீட்டில் கேட்டால் நல்லபடியாக ஏறினாள் என்று சொல்லிக்கொள்வேன், நான் இங்கே அழுததை உங்கள் அத்தைக்கு எழுதிவிட வேண்டாம்.