மூன்று சுற்று

"அடி பின்மண்டையில விழுந்திருக்கே சார்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ரத்தினம். "தற்காப்புக்கு அடிச்சா நெத்தியிலதானே விழணும்?"

சம்பத் மேஜைமேல் கிடந்த தன் குடையைப் பார்த்தான். காம்பு வளைந்திருந்தது. பக்கத்து மனைக்காரர் ஜெயவேலு மூன்று தையலோடு தாம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வழக்கு பதிவானால் சம்பத்தின் அரசு வேலை அன்றே சஸ்பெண்ட்.

வக்கீல் லக்ஷ்மிநாராயணன் காலையிலேயே எச்சரித்திருந்தார். "நின்னு அடிச்சேன்னு சொன்னா சிக்கல். ஓடினேன், வேற வழியில்லாம அடிச்சேன்னு சொல்லுங்க."

"என் வீட்ல நான் ஏன் சார் ஓடணும்?"

"அதை அப்புறம் விவாதிக்கலாம். ஓடினீங்களா, இல்லையா?"

ஓடியிருந்தான். அதில் பொய்யில்லை.

"வேலித் தகராறுல கட்டையைத் தூக்கிட்டு வந்தாரு சார்," என்று ஆரம்பித்தான் சம்பத். "நான் வீட்டைச் சுத்தி ஓடினேன். எனக்குக் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. மூணாவது சுத்துல அவர் முதுகு தெரிஞ்சுது."

ரத்தினம் பேனாவை வைத்தார். "துரத்தினவரோட முதுகு?"

"ஆமா சார்."

"கேட் வழியா தெருவுக்கு ஓடியிருக்கலாமே?"

"முதல் சுத்துலயே கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டேன். இல்லேன்னா மாடு வந்து செம்பருத்தியைத் தின்னுடும்."

"ஆளை உள்ள வெச்சு அடைச்சிட்டு அடிச்சீங்க," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் ரத்தினம். "குடை ஏது?"

"வாசக்கதவுல மாட்டியிருந்தது. போற போக்குல எடுத்துக்கிட்டேன்."

"கதவு தொறந்திருந்துதா?"

"தொறந்துதான் இருந்தது."

"அப்ப உள்ள போயிருக்கலாமே?"

சம்பத் யோசித்தான். "கால்ல செருப்பு இருந்தது சார்."

ரத்தினம் அதையும் எழுதினார்.

சம்பத் அவசரமாகக் குறுக்கிட்டான். "சாட்சி இருக்கு சார். எதிர்வீட்டு கனகவல்லி அக்கா. மொட்டை மாடியில வத்தல் காயவெச்சிட்டிருந்தாங்க. எல்லாத்தையும் பார்த்தாங்க."

கான்ஸ்டபிள் போய் அவளை அழைத்து வந்தார்.

"இவர் ஓடினாராம்மா?" என்று கேட்டார் ரத்தினம்.

"ஐயே, இன்னா சார் இப்படிக் கேக்கறே? குதிரையாட்டம் ஓடுனாரு."

சம்பத்துக்கு மூச்சு வந்தது. "எழுதிக்குங்க சார்."

"கத்துனாரா?"

"இவரு எங்க கத்துனாரு? ரெண்டாவது ரவுண்டுலயே கட்டைய கீழ போட்டுட்டு, காப்பாத்துங்க காப்பாத்துங்கன்னு கத்திகினு முன்னால ஓடுனது ஜெயவேலு அண்ணன்தான்."