என் கணக்குக்குப் பத்துக் காவலர்கள்

எனக்கு அறிவு கொஞ்சம் கூடுதல் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரிக் கல்லூரிக்குப் போய்வந்த முதல் வருஷம் அது.

சமூக வலைத்தளக் கணக்குக்குக் கடவுச்சொல் மட்டும் போதாது, இரண்டாவது பூட்டும் வேண்டும் என்று ஒருநாள் கல்லூரியில் சொன்னார்கள். அன்றே போட்டுவிட்டேன். உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் போனில் உள்ள செயலி ஓர் எண் தரும். போன் தொலைந்தால் என்ன செய்வது? அதற்காகப் பத்து மாற்று எண்கள் வந்தன. அவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ‘பத்திரமான இடத்தில் வையுங்கள்’ என்றது திரை. (ஒழுகுகிற வீட்டில் அது எந்த இடமாம்?)

அப்பாவிடம், அதாவது நைனாவிடம், கேட்டேன். உப்புத்தண்ணீர் ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்ற முறைக்கு எங்களூரில் பாடு என்று பெயர். அதைப் பற்றி எதைப் பேசினாலும் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். நைனாவுக்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். “என்கூட வலை போட்றவங்க பத்து பேரு. ஆளுக்கு ஒண்ணு குடுத்துடு” என்றார். நானும் பத்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, உலகத்திலேயே பத்திரமான கணக்கு என்னுடையதுதான் என்று கல்லூரியில் பீற்றிக்கொண்டேன்.

மூன்றே மாதம். பூநாரைக் கூட்டத்தோடு செல்ஃபி எடுக்கப் படகில் எழுந்து நின்றேன். போன் ஏரியில் விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், எடுத்துவிட்டோம். ஆனால் உப்புத்தண்ணீர் குடித்த போனுக்கு உயிர் இல்லை.

போன் போனதற்கு நான் அழவில்லை. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டு ஆல்பத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அம்மாவின் ஒரே படம் அந்தக் கணக்குக்குள்தான் இருந்தது.

எதிர்வீட்டு எல்லப்பன் மாமாவிடம் ஓடினேன்.

“சீட்டு பத்திரமா கீது பாப்பா. ஆனா தர மாட்டேன். ஆரு கேட்டாலும் தராதன்னு உன் நைனா சொல்லிக்கீறான்.”

நைனாவைக் கூட்டிவந்தேன்.

“குடுப்பா, நான்தானே கேக்கறேன்.”

“நானே வந்து கேட்டாலும் தராத, போதையில கேப்பேன்னு நீதானேடா சொன்ன?”

நைனா தலையைச் சொறிந்தார். (சொல்லியிருக்கிறார். அதுவும் போதையில்.)

மற்றவர்களிடமும் இதே பதில்தான். கடைசியில் பாடு வழக்கப்படியே முடிவானது: பத்துப் பேரும் கூடினால் தரலாம். ஒருவர் எளாவூரில் மாமியார் வீட்டில் இருந்தார். அவர் வந்துசேரச் சாயங்காலம் ஆனது. பக்கத்து வீட்டு அக்காவின் போனில் முதல் சீட்டைத் தட்டினேன், கணக்கு திறந்துகொண்டது. மற்ற ஒன்பது பேரும் விடவில்லை. “என் நம்பரு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?” என்று ஆளாளுக்குச் சத்தமாக வாசித்தார்கள். என் ரகசிய எண்கள் பத்தும் குப்பம் முழுக்கக் கேட்டன.

அப்புறம் படத்தைக் காட்டினேன். அம்மா நண்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படம் எடுக்காதே என்று கையை ஓங்கித் திட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்டியே கீறா” என்றார் நைனா.

“நம்ம பத்து பேரையும் நிக்க வெச்சி திட்றா பாரு” என்றார் எல்லப்பன் மாமா. நைனா அழுதுகொண்டே சிரித்தார். அம்மா போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டாலும் “பத்து பேரும் வந்தாச்சா?” என்பதுதான் பதில். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் கேட்டபோதும் நைனா அதையே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பதறிப்போய்த் தன் பக்கத்தில் எட்டுப் பேர்தான் என்று எண்ணி, வெளியே போய் ஆட்டோ டிரைவரையும் டீக்கடைக்காரரையும் கூட்டிவந்து நிறுத்தினார். அது எங்கள் ஊர் வழக்கம் என்றே என் வீட்டுக்காரர் இன்றுவரை நம்புகிறார். நானும் ஆமாம் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.