சந்தேக நைனா வீட்டுத் தலைப்பொங்கல்

பூமியில் யாரையுமே நம்பாமல் ஒரு மனிதன் வாழ முடியும் என்று நிரூபித்தவர் கோட்டைக்குப்பத்துச் சந்தேக நைனா. உப்பு வாங்கினால், சர்க்கரையைக் கலந்திருப்பார்களோ என்று நக்கிப் பார்ப்பார். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையையும் அவர் விடவில்லை. "செத்தவனுக்கு இம்மாம் பெரிய மதிலு இன்னாத்துக்கு? உள்ள இன்னாவோ கீது" என்பார்.

வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே அல்லாடும் ஒருவனைப் பற்றிப் பொங்கல் மலருக்குக் கதை எழுதச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். பேனாவை எடுத்தால் நைனாதான் வந்து நிற்கிறார். அந்தக் காலத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன்.

ஏரியில் இறால் அகப்படும் நல்ல இடங்கள் ஊருக்குப் பொது. முறைவைத்து வலை விடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் முறைக்குப் போகாதவனுக்கு அது போனது போனதுதான். அந்த வருடம் நைனாவின் பாடு காணும் பொங்கலன்று விழுந்தது. மகள் செல்வி மாப்பிள்ளையோடு தலைப்பொங்கலுக்கு வந்திருந்தாள்.

"என் கல்யாணத்தன்னிக்கே தாலி கட்டி முடிஞ்சதும் வலைக்குப் போனவன் நீ. நாளைக்கு எங்ககூட உக்காந்து சாப்புடலேன்னா அனுப்பம்பட்டுல ரயிலேறிடுவேன். அப்பால இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் நைனா" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். நைனா ஆடிப்போய்விட்டார்.

அப்போது எதிர்வீட்டு எல்லப்பன் வந்தார். "உன் பாட்டுக்கு நான் போறேன். என் முறைக்கு நீ போ." ஊர்ப் பெரியவர்களும் சரி என்றார்கள்.

நைனாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. "சும்மா எவனாச்சும் நல்லது பண்ணுவானா வாத்யாரே?"

மறுநாள் மத்தியானம் எனக்கும் சேர்த்து இலை போட்டார்கள். நைனா ஒரு வாய்தான் வைத்தார். "அவன் ஏன் தானா வந்து கேட்டான்?" என்று எழுந்தவர், எச்சில் கையோடு ஏரிக்கு ஓடினார். செல்வி உள்ளே போய்த் துணிப்பையை எடுத்தாள். நான் நைனாவின் பின்னால் ஓடினேன்.

வலையை விட்டுவிட்டு, கரையோரப் படகில் பழைய சோறு தின்றுகொண்டிருந்தார் எல்லப்பன். நைனா படகை ஒரு சுற்றுச் சுற்றினார். "உண்மைய சொல்லு. ஏன் மாத்திக்கினே?"

"எம் பொண்ணு தலைப்பொங்கலுக்கு நான் ஏரில இருந்தேன். இன்னிக்கும் அவ என்னாண்ட சரியா பேசறதில்ல" என்றார் எல்லப்பன், சோற்றைப் பார்த்தபடி.

நைனா வெகுநேரம் அவரை முறைத்தார். "இவன தனியா விடக்கூடாது வாத்யாரே. கண்ணு முன்னாடி குந்த வெச்சிதான் சோறு போடணும்" என்று எல்லப்பனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"வலைய யாரு பாத்துக்கறது?" என்றார் எல்லப்பன்.

"வாத்யாரு இக்கிறாரு இல்ல" என்றார் நைனா. போகிறபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருமுனைவரை வந்துவிட்ட செல்வி, இருவரையும் பார்த்துப் பையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு இலை போட வீட்டுக்கு ஓடினாளாம். எனக்கு வலையும் தெரியாது, நீச்சலும் தெரியாது. விருந்தும் போயிற்று. எல்லப்பன் வைத்துவிட்டுப்போன பழைய சோற்றைத் தின்றுகொண்டு, நைனா நம்பிய ஒரே ஆள் நான்தான் என்ற பெருமையில் சாயங்காலம்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.